நொய்யலில் இருபத்தேழு மீன்கள்

அமராவதி நகர்
11.12.2005

அன்புள்ள அண்ணனுக்கு, அனுசுயா எழுதுவது.

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? முழங்காலுக்கு வாங்கி அனுப்பிய தைலத்தை அம்மா தேய்க்கிறாரா, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாரா? இங்கே செல்போனுக்கு டவர் கிடைப்பதில்லை. பட்டறை போனில் கூப்பிட்டால் உங்களைவிட மெஷின்தான் அதிகம் பேசுகிறது. அதனால் கடிதமே மேல்.

"மீன எண்ணறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அம்மா கேட்டாராமே. இப்படிச் சொல்லுங்கள்: ஆற்றில் நூறு மீனைப் பிடித்து, வயிற்றுப் பக்கம் உள்ள இடது துடுப்பைக் கத்தரியால் நறுக்கித் திரும்ப விடுகிறோம். பத்து நாள் கழித்து மறுபடியும் வலை. ஐம்பது மீன் கிடைத்து, அதில் பத்துக்குத் துடுப்பு நறுக்கியிருந்தால் அந்த இடத்தில் சுமார் ஐந்நூறு மீன் உண்டு என்று கணக்கு. இந்த மாதம் முழுக்க அணைக்குக் கீழே ஜிலேபி மீனுக்கு நானேதான் நறுக்குகிறேன். எத்தனை சோப்புப் போட்டாலும் கவிச்சி போவதில்லை.

இனி சொல்லப் பயமாக இருக்கிற செய்தி. நொய்யலில் மீன் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி சாயக்கழிவை விசாரிக்கிற ஒரு கமிட்டி எங்கள் மீன் ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்டிருக்கிறது. நம் சாயப்பட்டறைக்குக் கீழே நூறு மீட்டர், பிப்ரவரி மூன்றாம் தேதி. அண்ணன் பட்டறை அங்கே இருக்கிறது, நான் போவது சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "மீனுக்கு அண்ணன் தங்கச்சி தெரியுமா?" என்று எங்கள் அதிகாரி சிரித்துவிட்டார். இரண்டு முனையிலும் வலையால் மறித்து மூன்று தடவை அரிப்போம். வருவதுதான் கணக்கு. ஒன்றும் வராவிட்டால் அங்குள்ள பட்டறைகளை மூடச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பூஜ்யத்தை என் கையால் எழுத வேண்டி வருமோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. எதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் அண்ணா.

உங்கள் பாசமுள்ள தங்கை,
அனுசுயா

*

திருப்பூர்
28.12.2005

அன்பு அம்மணிக்கு அண்ணன் திருமூர்த்தியின் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தில் மீன் கதை பாதி படிக்கும்போதே பாய்லர் நின்றுவிட்டது என்று மேனேஜர் பாண்டித்துரை வந்து கூப்பிட்டுவிட்டான். அப்புறம் எடுத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தேன்.

இங்கே அறுபத்து நாலு பேர் வேலை செய்கிறார்கள். மூடினால் தெற்கத்திக்காரர்கள் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். நான் எங்கே போவது? அப்பா விட்டுப்போன நாலு ஏக்கரில் உப்புப் பூத்துக் கிடக்கிறது. நாங்கள் விட்ட தண்ணீர்தான், தெரியாமல் இல்லை. சுத்திகரிப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றுதான் இருக்கிறேன். இதோ அதோ என்று வருஷம் ஓடுகிறது.

துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் அனுப்பினால் நாங்கள் என்ன செய்வோம்? நல்ல பீஸாகப் பொறுக்கிப் பெட்டியில் மேலாக அடுக்குவோம். அவன் மேலே நாலைத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். இதை இங்கே யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை, வழக்கம். உன் ஆறும் அன்றைக்கு ஒரு நாள் ஒழுங்காக நடந்துகொள்ளாதா?

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவ எண்ணறத எண்ணட்டும் சாமி, ரண்டு மீனச் சேத்தி எண்ணச் சொல்லு" என்கிறார். உன்னைப் படிக்க வைத்தது இதற்குத்தானா என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் மனசு கேட்கிறது.

அன்புடன்,
திருமூர்த்தி

*

அமராவதி நகர்
9.2.2006

அண்ணா,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. நேராகவே எழுதுகிறேன்.

முதல் இழுப்பில் பதினான்கு, இரண்டாவதில் ஒன்பது, மூன்றாவதில் நாலு. இருபத்தேழு ஜிலேபி. பாடப்புத்தகத்தில் போட்ட மாதிரி ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தது. கரையில் கைதட்டினார்கள். நானும் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன், அதுதான் இப்போது தாங்க முடியவில்லை. அளக்க எடுத்தபோது பார்க்கிறேன், வயிற்றுப் பக்கம் இடது துடுப்பு பாதிதான் இருக்கிறது. நான் நறுக்கியது. அப்படி ஏழு மீன்கள்.

அமராவதியில் விட்ட மீன் நொய்யலுக்கு எப்படி வரும்? இரண்டும் தனித்தனியாகப் போய்க் காவிரியில் சேருகிற ஆறுகள், வழி நெடுக அணை. நீந்தி வந்திருக்க முடியாது அண்ணா, டெம்போவில்தான் வந்திருக்கும். பாண்டித்துரை கரையில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் செருப்புச் சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

கமிட்டிக்காரர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டைவிரலால் அந்தத் துடுப்பை மூடிக்கொண்டு நீளத்தை மட்டும் சத்தமாகப் படித்தேன். ஏழு தடவையும். அளந்த மீன்களை ஆற்றிலேயே விட்டோம்.

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுச்சாமி என்ற பெரியவர் காலையிலிருந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மீனு பொழைக்குதுன்னா மாடு குடிக்கலாமுங்களா அம்மணி?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தண்ணியப் பரிசோதனை பண்ணித்தானுங்க சொல்லோணும்" என்றேன். குடிக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே போனார்.

மூன்றாம் நாள் தனியாகப் போய்ப் பார்த்தேன். பத்தொன்பது மீன் செத்துக் கரையோரம் ஒதுங்கியிருந்தது. அதையும் எண்ணினேன், என் புத்தி அப்படி. அதற்கு முதல் நாளே அறிக்கையில் இருபத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். உங்களுக்காகத்தான். இன்னொரு முறை இப்படிச் செய்யாதீர்கள்.

அனுசுயா

*

திருப்பூர்
22.2.2006

அன்பு அம்மணிக்கு,

வயிற்றில் பால் வார்த்தாய் கண்ணு. நீ நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும். கமிட்டியிலிருந்து இப்போதைக்கு மூட வேண்டியதில்லை என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். பட்டறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன்.

பாண்டித்துரையைப் பிடித்து நன்றாக ஏசிவிட்டேன். "ஊர்ல எங்கயும் மீனே கெடைக்கலியாடா, அவ வேல பாக்கற எடத்துலயே போய் வாங்கியிருக்கறே?" என்றேன். "அமராவதி மீனுன்னா ருசியா இருக்கும்னாங்கண்ணே, அதான் போனேன்" என்கிறான். தின்கிற மீனுக்குப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறான், மடையன்.

நீ கோபமாக எழுதியது எனக்குப் புரிகிறது. ஆனால் யாருக்கு என்ன நஷ்டம், சொல்? அடுத்த வருஷமும் கணக்கெடுப்பு உண்டு என்று கேள்வி. என்ன ரகம், என்ன சைஸ், எத்தனை உருப்படி என்று முன்கூட்டியே எழுதிவிடு. ஜிலேபி மட்டும் இல்லாமல் கெளுத்தி, கெண்டை என்று கலந்து இருந்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும். இந்தத் தடவை நறுக்காத மீனாக நானே கூட நின்று பார்த்து எடுக்கிறேன்.

காங்கேயத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல இடம். சித்திரை பிறந்ததும் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா. அம்மா இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டார்.

உன் அண்ணன்,
திருமூர்த்தி

*

அமராவதி நகர்
17.4.2006

அண்ணா,

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருந்தீர்கள். போன வாரம் அதற்குப் பதில் என்னைத் தேடிக்கொண்டு நிலையத்துக்கே வந்தது.

பொன்னுச்சாமி மூன்று பஸ் மாறி வந்தார். கையில் ஒரு பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர். "செனை மாடு ரண்டும் மாசம் நெறையாமயே கன்னு வீசிருச்சுங்க. இன்னொன்னு படுத்தது எந்திரிக்கவே இல்லீங்க. மீனு பொழைக்கற தண்ணிதானுங்களே குடிக்குது, வேற என்ன சீக்கா இருக்குமுங்க அம்மணி?" என்று கேட்டார். ஆற்றின் மேல் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. என் வலையில் மீனைப் பார்த்தவர் அல்லவா.

அவரிடம் சொல்லிவிட்டேன். அது இந்த ஆற்று மீன் இல்லீங்க, என் அண்ணன் கொண்டுவந்து விட்டது, தெரிந்தேதான் எழுதினேன் என்று. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பாட்டிலைத் திறந்து வாசலில் இருந்த செடிக்கு ஊற்றப் போனார். ஊற்றாமல் மறுபடி மூடி, எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மூன்று மாடுகள்தான் அவருக்கு இருந்தவை.

நடந்தது முழுவதையும் கமிட்டிக்கு எழுதி இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. உங்கள் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. சொன்னதைச் செய்தவன் என்பதால் பாண்டித்துரை பெயரை எழுதவில்லை. உங்களைக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்றால், என்னால் அனுப்ப முடியாமல் போயிருக்கும்.

பட்டறையை மூடுவார்கள். என் வேலையும் போகும். இனி நான் எண்ணியது எதையும் யாரும் நம்பப்போவதில்லை, அதுவும் நியாயம்தான். இதனாலெல்லாம் ஆறு பிழைத்துவிடாது, அவர் மாடும் திரும்பி வராது. உண்மையைச் சொன்னதும் மனம் லேசாகிவிடும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. அந்த அறுபத்து நாலு பேர் எங்கே போவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்திருந்தால் அன்றைக்கே கரையில் வைத்துச் சொல்லியிருப்பேன். பாசம்தான் இப்படிச் செய்துவிட்டது. அதனால்தான் பயமாக இருக்கிறது அண்ணா. நீங்கள் கேட்டால் அடுத்த வருஷமும் எழுதிக் கொடுத்துவிடுவேன். ஆகவே நீங்கள் கேட்க முடியாத தூரத்தில் இருந்துகொள்கிறேன். வடக்கே எங்காவது வேலை தேடிப் போகிறேன். விலாசம் தர மாட்டேன்.

காங்கேயத்துக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவிடமும் நீங்களே சொல்லுங்கள். நான் வந்து சொன்னால், நம் இருவரில் யாருக்காக அழுவது என்று தெரியாமல் அம்மா தவித்துப்போவார்.

அனுசுயா