கழுவ மறந்த படலம்

ஜன. 30, வெள்ளி
காலையிலிருந்தே கிழக்குக் காற்று. லேப் ஜன்னல்களை அடைத்தேன். ஊற்றி வைத்த படலத்தில் காற்றுப் பட்டால் வெடிப்பு விட்டுவிடும்.

மூன்றாம் தடவையும் அளந்தாயிற்று. அதே பாலிமர், அதே உமிச்சாம்பல் நானோ சிலிக்கா. ஃப்யூயல் செல்லுக்குள் புரோட்டானைக் கடத்த வேண்டிய படலம். பொங்கல் கழித்து அளந்த முதல் படலம் கடத்தியதில் பாதிகூட இல்லை.

மேடம் (என் கைடு, கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர்): "ஒருதரம் வந்தது மறுபடி ஏன் வரமாட்டேங்கறது? புதன்கிழமை பேப்பரை அனுப்பியாகணும்."

பேப்பர் இல்லையென்றால் தீசிஸ் இல்லை. மே மாதம் ஃபெலோஷிப் முடிகிறது.

வாங்க: லிட்மஸ், கையுறை, ஹேர்பேண்டு.

பிப். 1, ஞாயிறு
வடகரப்பதி, வீடு. அப்பா உமி மூட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார். "ஏங்கண்ணு, உமி சரியில்லீங்களா? வேற மில்லுல கேக்கட்டுங்களா?"

"உமி நல்லாத்தானுங்பா இருக்குது."

பாவம் மனுஷன். அம்மா: "பட்டிப் பொங்கலன்னைக்கு ஓடியாந்தப்ப எப்படிச் சிரிச்சுட்டு வந்தே."

ஓடித்தான் வந்தேன். கேரளாவில் அன்றைக்கு லீவு இல்லை. பட்டியில் வெட்டி நீர் நிரப்பிய தெப்பத்தை மாடு மிதிக்கும் முன் வீட்டில் இருக்க வேண்டும். மூன்று மணி பஸ். ஊறப்போட்டிருந்த அமிலத்திலிருந்து படலத்தை எடுத்தேன், தட்டில் வைத்து மூடினேன். கழுவினேனா? அமிலம் போக மூன்று முறை கழுவ வேண்டும்; நோட்டில் மூன்றுக்கும் டிக் இருக்கிறது. ஆனால் காலையிலேயே எல்லா டிக்கும் போட்டுவிடும் எருமை நான். பொங்கல் முடிந்து திரும்பிய திங்கட்கிழமை அப்படியே எடுத்து அளந்தேன்.

பிப். 2, திங்கள்
முதல் படலத்தில் ஒரு துண்டு மிச்சம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு லிட்மஸ் வைத்தேன். சிவப்பு. புரோட்டானைக் கடத்தியது என் சிலிக்கா இல்லை, கழுவாமல் தங்கிய அமிலம்.

துண்டைக் கழுவினால் அந்த எண் போய்விடும். கழுவாவிட்டால் யாருக்கும் தெரியாது. அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றியது.

மூன்று முறை கழுவினேன். அளந்தேன். மற்ற மூன்றின் அளவுக்கே இறங்கிவிட்டது.

பிப். 3, செவ்வாய்
தூக்கமில்லை. காற்று நிற்கவில்லை. மேடத்திடம் சொன்னேன்.

"கழுவவே இல்லையா?"

"இல்ல மேடம். டிக் மட்டும் போட்டேன்."

"டிபார்ட்மென்ட் முழுக்கச் சொல்லிட்டேனே நான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேப்பர் திறந்திருந்த லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "என்னால முடியாது. நீயே அழி."

முதலில் வரைபடம். பிறகு முடிவுகள், நான்கு பக்கம். கடைசியில் தலைப்பு. எங்கள் இரண்டு பேர் பெயர் மட்டும் திரையில் நின்றது.