கத்தி இல்லாத மந்திரம்

மார்ச் 2, ஞாயிறு

அண்ணன் அறை முழுக்கக் காலுறை நாற்றம். இஸ்திரி மேசை மேல் பிஸ்கட் தூள், தூளின் மேல் பகடை, பகடையின் பக்கத்தில் ஒட்டகத்தின் வியர்த்த முழங்கை. ஒட்டகமும் குண்டூசியும் அண்ணனுடைய வகுப்புத் தோழர்கள். ஒருவன் நெட்டை, ஒருவன் ஒல்லி. இவர்கள் விளையாட்டில் இடம் கேட்டா அத்தனை நாள் கெஞ்சிக் கூத்தாடினேன்?

சும்மா ஒன்றும் கிடைக்கவில்லை. பகடை உருட்டி வாயாலேயே ஆடும் கதை விளையாட்டு இது: அண்ணன் கதை நடத்துகிறான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். அவர்களிடம் இருந்த மந்திரப் பட்டியல் படுமட்டம்: தீப்பந்து, பெரிய தீப்பந்து, மகா பெரிய தீப்பந்து. "நான் ஒரு மொழியே செஞ்சு தரேன்" என்றேன். விடுமுறை முழுவதும் உட்கார்ந்து செய்தேன். இருபத்துநாலு சொற்கள். லூமெ என்றால் தண்ணீர். ஓனி, உள்ளே. பிரூ, வளர்வது. தில்வா, திறப்பது. இரண்டு மூன்றைச் சேர்த்துச் சொன்னால் அது மந்திரம். முதல்முறை சொல்லப்படும் சேர்க்கை எதுவானாலும் பலித்தே ஆக வேண்டும். எப்படிப் பலிக்கிறது என்பதை அண்ணன் சொல்வான். அதையே மறுமுறை சொன்னால், கடைசியில் பகடை போட்டுத்தான் முடிக்க வேண்டும். மந்திரச் சண்டை நடக்கும்போது இந்தச் சொற்களைத் தவிர வேறு பேச்சு கூடாது, பேசினால் முறை போய்விடும். எல்லாம் நான் வைத்த விதிகள்.

கத்திக்குச் சொல் வைக்கவில்லை. தீக்கு, அடிக்கு, சாவுக்கு, எதற்குமே வைக்கவில்லை. வேண்டுமென்றேதான். கெட்டதைப் பேசவே முடியாத மொழி! எத்தனை முறை எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இன்று குண்டூசி ஒரு காவலாளியைப் பார்த்து "ஓனி லூமெ" என்றான். உள்ளே தண்ணீர். காவலாளியின் நெஞ்சு நிரம்பியது. தெருவில் நின்ற இடத்திலேயே மூழ்கிச் செத்தான்.

ஒட்டகம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "புலவரம்மா, சூப்பர் மொழி!"

சே! தாகத்தில் கிடப்பவனுக்கு உதவும் என்று நினைத்து வைத்திருந்த சேர்க்கை அது.

மார்ச் 3, திங்கள்

தண்ணீர் குடிக்கப் பிடிக்கவில்லை. "என்னடி, கஷாயம் குடிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சிருக்கே?" என்றாள் அம்மா.

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பூனையைக் கூட்டிப்போயிருந்தேன். வகுப்பில் என் பக்கத்து இடம் அவளுடையது. அவள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, அதனால் அந்தப் பெயர். நல்லவர்களாக இரண்டு பேர் இருந்தால் விளையாட்டு திருந்தும் என்று நான் போட்ட கணக்கு. விளையாட்டில் அவள் ஒரு வைத்தியச்சி. கோட்டைச் சாவி அவளிடம். உள்ளே நோயாளிகள் இருப்பதால் பையன்களின் படையை விடமாட்டேன் என்றாள். அவ்வளவுதான், பையன்கள் மந்திரச் சண்டை என்று அறிவித்துவிட்டார்கள்.

ஒட்டகம் ஏதோ விதையை அவள் விழுங்கியதாக முன்பே சொல்லி வைத்திருந்தான். "ஓனி பிரூ" என்றான். உள்ளே வளர்.

அண்ணன் வர்ணிக்க ஆரம்பித்தான். வேர் முதலில் எங்கே போனது, பிறகு எங்கே, வாய் வழியாக எந்த இலை... எழுத மாட்டேன். ரசித்து ரசித்துச் சொன்னான். ஒட்டகமும் குண்டூசியும் "ஐய்யே" என்று நெளிந்துகொண்டே "இன்னும், இன்னும்" என்றார்கள். அழுகிய பழத்தைக் குச்சியால் கிளறுகிறவர்களின் முகம் அவர்களுக்கு.

பூனையின் முறை வந்தது. அவள் சொற்பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனாள். மறுபடி மேலிருந்து கீழே. எதுவும் சொல்லவில்லை. அண்ணன் பகடையை அடுத்தவனிடம் தள்ளினான்.

வைத்தியச்சி செத்துப்போனாள். பூனை தன் பென்சில் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

"இதுக்குப் போய் என்ன இவ்ளோ சீன்?" என்றான் குண்டூசி.

மார்ச் 10, திங்கள்

பூனை கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். கண் சரியாகத் தெரியவில்லை, தள்ளி உட்கார்ந்தால் தேவலை என்று டீச்சரிடம் காரணம் சொன்னாளாம். தூரத்தில் இருந்தால் நன்றாகத் தெரிகிற கண்ணாம்! பக்கத்தில் இப்போது ஒரு தும்மல்காரி.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணனிடம் சண்டை போட்டேன். அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான், நிமிரக்கூட இல்லை.

"நீங்க எல்லாம் மனுஷங்களாடா?"

"டா போட்டே, பல்ல தட்டிடுவேன். விளையாட்டுதானே?"

"அவ பாவம்ணா."

"நீதானே கத்தி வேணாம்னு சொன்னே? கத்தி இருந்திருந்தா ஒரு குத்து, ஆள் காலி. பூவும் தண்ணியும் குடுத்தே. பூவையும் தண்ணியையும் வச்சு என்ன பண்ண முடியுமோ அத பண்றோம்."

அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது: அவன் சொன்னது ஒரு வகையில் சரி.

மார்ச் 12, புதன்

ஓனியை எடுத்துவிட்டால்? வீட்டுக்குள் போக முடியாது. லூமெயை எடுத்தால் குடிக்க முடியாது. பிரூவை எடுத்தால் ஒரு செடிகூட முளைக்காது. எல்லாச் சொல்லையும் இன்று குண்டூசியின் கண்ணால் படித்துப் பார்த்தேன். 'தூக்கம்' கொல்லும். 'வெளிச்சம்' குருடாக்கும். 'பாட்டு'கூட, காதுக்குள் நிற்காமல் ஓடவிட்டால்...

நானே கண்டுபிடிக்கிறேன்! கடகடவென்று வருகிறது எனக்கு. பட்டியலைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

பள்ளி விட்டதும் பூனை வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா தையல்காரர், வாசல் அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "உள்ளதான் இருக்கா, போம்மா" என்றார். அவள் பித்தான் பிரித்துக்கொண்டிருந்தாள்: கறுப்பு ஒரு டப்பா, வெள்ளை ஒரு டப்பா. நானும் உட்கார்ந்து பிரித்தேன். இரண்டு டப்பாவும் பாதி நிறைந்துவிட்டன.

"அவனுங்க மிருகம்டி" என்றேன் கடைசியில்.

"அவனுங்கள விடு. நீ ஏன் பேசல?"

"பேசினா முறை போயிடும்ல..."

"முறைதானே போயிருக்கும்?"

மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கறுப்புப் பித்தானை வெள்ளையில் போட்டேன். அவள் எடுத்து மாற்றிப் போட்டாள்.

பிறகு அவளே சொன்னாள், எப்போதும் போல மெல்லிய குரலில்: "அன்னிக்கு என் முறை வந்ததும் உன் லிஸ்ட்ல தேடினேன். வலிக்குதுன்னு சொல்ல ஒரு வார்த்தை. இல்ல. அழகு அழகா இருக்கு எல்லாம். வலிக்குதுன்னு மட்டும் சொல்ல முடியல."

நான் கெட்ட சொற்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினேன். கெட்டது உள்ளே வந்துவிட்டது. அதைக் கெட்டது என்று சொல்லும் வாய்தான் வெளியே நின்றுவிட்டது. பெரிய மொழி செய்தாளாம்!

"நான் செஞ்சு தரேன்டி."

"நீ செஞ்சா அதுவும் பாட்டு மாதிரிதான் வரும். நானே யோசிக்கிறேன்."

மார்ச் 15, சனி

அவள் சொன்னது உண்மைதான். ரகசியமாக முயன்று பார்த்தேன். 'எலூயா', 'மிஹெனா', 'சாவ்லி'. வலியாம்! குழந்தைக்குப் போடும் பவுடரின் பெயர் மாதிரி இருக்கிறது. இந்தச் சொற்களைப் பார்க்கவே எரிச்சலாக வருகிறது.

மார்ச் 18, செவ்வாய்

பூனை இடைவேளையில் வந்து காதில் சொன்னாள்: "க்ராட்."

காறித் துப்பப்போகிறவர் தொண்டையிலிருந்து வரும் சத்தம். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "வேற ஏதாவது..." என்றேன்.

"பிடிக்காதுன்னு தெரியும்" என்றாள். நகரவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து பட்டியலை எடுத்துக் கடைசியில் எழுதினேன். தூசி ஒட்டிய தாளில், இருபத்தைந்தாவதாக.

மார்ச் 23, ஞாயிறு

பூனை வந்தாள், புதுப் பாத்திரம் எதுவும் எடுக்காமல், சும்மா பார்க்க. என் நாற்காலியில் பாதியில் உட்கார்ந்தாள்.

புதுச் சொல்லைப் படித்ததும் பையன்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "க்ராட்! க்ராட்! கோழி எலும்பு தொண்டைல சிக்கின மாதிரி இருக்கு!" ஒருவன் மேல் ஒருவன் துப்புவதுபோல் செய்து காட்டினார்கள். அறையில் அதே காலுறை நாற்றம். இவர்கள் திருந்துவார்கள் என்று நான் இனி எழுதப்போவதில்லை.

ஆற்றைக் கடக்க வேண்டும். படகோட்டி படகு தர மறுத்தான். படகோட்டியாகப் பேசுவது அண்ணன். குண்டூசி உடனே மந்திரச் சண்டை என்றான், பழைய "ஓனி லூமெ"யைப் போட்டான். அண்ணன் தண்ணீர் ஏறுவதை வர்ணிக்கத் தொடங்கினான், முழங்கால், இடுப்பு. மார்பு வந்தபோது படகோட்டியின் முறையும் வந்தது. அண்ணன் தாளைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, பூனையைப் பார்த்தான்.

"க்ராட்" என்றான். கேலியாகத்தான் ஆரம்பித்தான் என்று நினைக்கிறேன். பாதியில் குரல் மாறிவிட்டது. இன்னொரு முறை, மெதுவாக: "க்ராட்."

யாரும் சிரிக்கவில்லை. குண்டூசி பகடையைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தான், போடவில்லை. விதியில் அவனை நிறுத்த எதுவும் இல்லை. "சரி, விடு விடு. நீந்திப் போயிக்கலாம்" என்றான், யாரோ திட்டிவிட்டதுபோல. ஒட்டகம் சன்னல் பக்கம் திரும்பி, நீந்தினால் மூட்டை நனையுமா என்று கேட்டான்.

இந்த மாதம் முழுக்க அவர்கள் லூமெயை 'லூமு' என்றார்கள், தில்வாவை 'தில்லா' என்றார்கள். நான் திருத்தித் திருத்தி ஓய்ந்தேன். பூனையின் சொல்லை மட்டும் யாரும் தப்பாக உச்சரிக்கவில்லை.