விரிப்பின் மறுமுனை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். குட்டிக்கு இருமல் விட்டதா? தலைக்குக் குளிப்பாட்டினால் ஈரம் போகத் துவட்டு, அரக்கப்பரக்கப் பள்ளிக்கு அனுப்பாதே. வீட்டுச் சொந்தக்காரர் குழாயை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார், இப்போது தண்ணீருக்குப் பதிலாகச் சத்தம் வருகிறது.

மருத்துவமனை வாசலில் என் சிலை நிற்கிறதே, அதற்கு வந்த கதியைக் கேள். நானும் உன் அப்பாவும் அங்கே சலவைக்கூடத்தில் ஆளுக்கொரு முனை பிடித்து ஈர விரிப்பை முறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அந்தச் சிற்பி அதைச் செய்தார், அது உனக்குத் தெரியும். இரண்டு பேரையும் வார்க்க வெண்கலம் போதாது என்று என்னை மட்டும் செய்தார், விரிப்பின் மறுமுனை காற்றில் நிற்கிறது. என்னைக் கழித்துக் கட்டிவிட்டார்களே என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். இப்போது சிலைக்குப் பின்னால் சுவர் மாதிரி ஒரு திரை வைத்திருக்கிறார்கள். அதில் சிலையின் படம், அதாவது நான், உயிரோடு அசைகிறேன். எதிரில் மஞ்சள் வட்டம் போட்டிருக்கிறது, அதில் நின்று கையை நீட்டினால் கேமரா பார்த்து, மறுமுனை உன் கைக்கு வந்துவிட்ட மாதிரி திரையில் காட்டுகிறது. வெடுக்கென்று இழுத்தால் நான் குப்புற விழுகிறேன், தண்ணீர் தெறிக்கிறது, புடவை முழங்காலுக்கு ஏறுகிறது, மேளம் கொட்டுகிறது, இழுத்தவனுக்குப் பாயிண்ட். அப்புறம் எழுந்து நிற்கிறேன், அடுத்தவன் இழுக்க.

முதல் நாள் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன் ஒருவன் என்னை இழுத்துத் தள்ளிவிட்டுப் பெண்டாட்டியிடம் போட்டோ எடுக்கச் சொல்கிறான். சீ என்றாகிவிட்டது. இந்தத் திரை விளையாட்டைச் செய்தவன் அங்கேயே நின்றான், காதில் கடுக்கன், பேச்சு மட்டும் தேன். "மக்கள் சிலையோட பேசுற மாதிரி ஒரு அனுபவம்மா இது" என்றான். உன் அம்மாவை வைத்துச் செய்வதுதானே என்று கேட்டேன், எங்க அம்மாவுக்குச் சிலை இல்லையே என்கிறான், கொஞ்சமும் கூச்சமில்லாமல். நகராட்சிக்குப் போனால் அந்த அதிகாரி அம்மாள், "குடும்பத்துல அனுமதி கேட்டோம், உங்க பொண்ணுதான் சந்தோஷமா செய்யுங்கன்னு மெயில் போட்டிருக்காங்களே" என்று உன் எழுத்தையே காட்டினாள். விழுவது நான், சந்தோஷம் உனக்கா? கூட்டம் நன்றாக வருகிறதாம், அடுத்த மாதத்திலிருந்து நிரந்தரமாகவே வைத்துவிடப் போகிறார்களாம், குடும்பத்தார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் நிறுத்துவார்களாம். என்னை எழுதச் சொல்லவில்லை, அனுமதி கொடுத்தவர்தான் எழுத வேண்டுமாம். சிலைக்குச் சொந்தக்காரியின் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

இதெல்லாம் போதாதென்று உன் அப்பா தினமும் சாயங்காலம் அங்கே போய் வரிசையில் நிற்கிறார் என்று கீழ்வீட்டுத் தையல்காரர் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயசான காலத்தில் சின்னப் பசங்களோடு சேர்ந்து கட்டின பெண்டாட்டியைத் தள்ளிவிட்டு விளையாடுகிறாரா என்று நேற்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவது என்றுதான். அவர் வட்டத்துக்குள் நின்றார். இரண்டு கையையும் நீட்டி, விரிப்பை இறுகப் பிடித்தபடி, அசையாமல் நின்றார். "இழு தாத்தா, இழு" என்று பின்னால் கத்துகிறார்கள். அவர் இழுக்கவில்லை. நேரம் முடிந்து, தோற்றுவிட்டீர்கள் என்று திரையில் வந்தது, எல்லோரும் சிரித்தார்கள், அவர் நொண்டிக்கொண்டே மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போனார். கையைப் பிடித்து இழுத்து, உங்களுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டேன். "வர்றவன் எல்லாம் உன்னைத் தள்ளிவிடுறான். நான் பிடிச்சிருக்கிற நேரமாவது நீ நிக்கிறல்ல" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் காலிரண்டும் வீங்கிக் கிடக்கிறது, வெந்நீர் ஒற்றடம் கொடுத்தேன், நாளைக்குப் போகக் கூடாது என்றேன், தலையை ஆட்டினார், இன்றைக்கு நான் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டார்.

உன் மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் நீ என் பிள்ளை. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள், குட்டிக்கு என் முத்தம். கடிதம் கிடைத்ததும் சாப்பாட்டுக்குக் கூட உட்காராமல், வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதிவிடு. நீ எழுதும்வரை உன் அப்பா வரிசையில் நிற்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா