நகராதே, கோமு

என் சேது அண்ணாவுக்கு,

"இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே உன் சௌக்கியத்துக்கு உடனே எழுதவும்" என்று கை பாட்டுக்கு எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கிறேன். அடித்தது தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். நம் கையெழுத்துப் பத்திரிகைதானே, மாதுங்காவில் இருபது வீடு சுற்றி வருவதற்குள் ரசம் கொட்டி, குழந்தைகள் கிழித்து, எப்படியும் அலங்கோலமாகத்தான் ஆகப்போகிறது.

பத்திரிகைக்காரர்கள் உனக்காக இந்த மாதம் ரெண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "உங்கள் தமையனாரின் புகைப்படக் கலைத்தொண்டைப் பற்றி எழுதுங்கள்" என்றார்கள். கலைத்தொண்டாம்! கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. நீ போய் ஆறு மாதம் ஆகிறது, நான் இன்னும் ஒரு சொட்டு அழவில்லை அண்ணா. கீழ்வீட்டு மாமி வந்து வந்து, "அழுதுடுடி கோமு, உள்ளேயே வச்சுண்டா உடம்புக்கு ஆகாது" என்கிறாள். அவளுடைய திருப்திக்காவது அழுது வைக்கலாமே என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, எனக்கு உள்ளே அப்படித்தான் இருக்கிறது. கிள்ளினாலும் தெரியவில்லை.

அப்பா ஆபீசுக்குப் போய்வருகிறார். வந்ததும் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், பக்கம் புரள்வதே இல்லை. ரேஷன் கடை க்யூவில் இப்போது நான்தான் நிற்கிறேன். யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றாகிவிட்டது, குண்டு போடுவார்களென்று பயந்து ஊரெல்லாம் ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தைக் கிழித்துப் போட்டாகிவிட்டது. நம் குளியலறை ஜன்னலில் மட்டும் இன்னும் இருக்கிறது. நீ படம் கழுவுவதற்காக இன்னொரு சுற்று ஒட்டினாயே, அதுதான். கிழிக்கப் போனேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருட்டிலேயே குளிக்கிறாள்.

ஞாபகம் இருக்கிறதா, படம் கழுவும் மருந்தை ஊற்றிக்கொள்ள அவளுடைய ஊறுகாய்ப் பீங்கான்களையெல்லாம் தூக்கிக்கொண்டு போய் உள்ளே தாழ் போட்டுக்கொள்வாய். குளிக்கணும்டா என்று அவள் கதவை இடித்தால், "கொஞ்சம் வெளிச்சம் உள்ளே வந்தாலும் எல்லாரும் செத்துப்போயிடுவா அம்மா!" என்று கத்துவாய். எல்லோரும் என்றால் படத்தில் இருக்கிறவர்கள். அம்மாவும் "நாசமாப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டு ஈரத்துண்டோடு வெளியிலேயே நிற்பாள்.

சரி, கலைத்தொண்டுக்கு வருகிறேன். உன்னுடைய சொந்தச் சொத்து சோர் பஜாரில் வாங்கிய அந்தப் பெட்டிக் கேமரா ஒன்றுதான். மற்றதெல்லாம் உன் ஆபீஸ் பார்சி சிநேகிதர் சோராப் தயவு. அவருடைய மடக்குக் கேமராவை வாங்கி வருவாய், அக்கார்டியன் மாதிரி முன்னால் நீளும். அப்புறம் அந்தக் குட்டிக் கேமரா, அதற்கு லென்ஸைக் கழற்றி வேறு மாட்டலாம் என்று ஒரு வாரம் தூங்காமல் திரிந்தாய். மார்க்கெட் வாசலில் கொய்யாப்பழம் விற்கிறவளை மூன்று கேமராவிலும் எடுத்தாய். பெட்டியில் தெரு முழுக்க வந்தது, அவள் ஈ அளவுக்கு இருந்தாள். மடக்கில் அவளும் கூடையும் வந்தார்கள். குட்டிக் கேமராவின் நீள லென்ஸில் மூக்குத்தியும் ஒரு கண்ணும் மட்டும். அதைக் கொண்டுபோய் அவளிடமே காட்டினாய். "பாகல் ஹை க்யா?" என்று கேட்டுவிட்டு உனக்கு ரெண்டு கொய்யா கொடுத்தாள். போன வாரம் என்னை நிறுத்தி, அந்தப் பைத்தியம் எங்கே காணோம் என்று விசாரித்தாள். ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

தாராவிக் குயவர்களின் சூளைப் புகை, கிங்ஸ் சர்க்கிளில் டிராம் திரும்புகிற இடம், எலிபெண்டாவுக்குப் போகிற படகில் வாந்தி எடுத்த அப்பா, எதையும் நீ விட்டதில்லை. ஆனால் எந்தப் புதுக் கேமரா வந்தாலும் முதலில் என்மேல்தான் வெள்ளோட்டம். வீட்டில் அசையாமல் நிற்கிறவள் நான் ஒருத்திதானே. ஜன்னலோரம் நிறுத்திவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நகராதே, கோமு" என்பாய். மூக்கு அரிக்கும், கொசு கடிக்கும், நகரமாட்டேன். பதினாலு வயதிலிருந்து அதுதான் என் உத்தியோகம்.

என் முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு. இதைப் படிக்கிற இருபது வீட்டுக்கும் தெரிந்ததுதான், மறைக்க என்ன இருக்கிறது? நீ எடுத்த படங்களிலும் அது இருந்தது. நான் கவலைப்பட்டதில்லை. முலுண்டு வரன் வரும்வரைக்கும்.

ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணின் போட்டோ அனுப்புங்கள் என்றார்கள். நீ மூன்று நாள் லீவு போட்டாய். மடக்குக் கேமராவின் லென்ஸ்மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டி, அதன்மேல் வாஸ்லைனை ஒரு விரலால் மெல்லத் தடவினாய். அது என்னத்துக்கு என்று கேட்டதற்கு, "பேசாம நில்லு, நகராதே" என்றாய். படம் வந்தது. அதில் ஒருத்தி இருந்தாள், முகம் வெண்ணெய் மாதிரி, ஒரு புள்ளி இல்லை. "பாத்தியா? உன் அழகு உனக்கே தெரியாது" என்றாய். உண்மையைச் சொல்கிறேன் அண்ணா, எனக்கும் அவளைப் பிடித்திருந்தது. யாரும் பார்க்காதபோது நாலைந்து தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

முலுண்டிலிருந்து வந்தார்கள். நான் காபித் தட்டோடு போய் நின்றேன். பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தாள், கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். "அக்காவை யாரு கேட்டா? படத்துல இருக்கற பொண்ணைக் கூப்பிடுங்கோ" என்றாள். கேலிக்குச் சொல்லவில்லை அவள். நிஜமாகவே அப்படி நினைத்துவிட்டாள். அம்மா, "இவதான் பொண்ணு" என்றாள். அதற்கப்புறம் அவர்கள் காபியைக் குடித்துவிட்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்கள். நீ ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாய்.

அடுப்படியில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "இனிமே உன் கேமரா என் பக்கம் திரும்பக் கூடாது. கையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்றேன்.

"நான் நல்லதுக்குத்தானே கோமு..."

"என் மூஞ்சி உனக்கே பிடிக்கலை. அதான் வாஸ்லைன் போட்டு அழிச்சே. சத்தியம் பண்ணு."

பண்ணினாய். உன் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

ரெண்டு வருஷம். நீ அதை மீறவே இல்லை. நான் கோபத்தில் சொன்னதை ஒரு மாதத்தில் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். பொங்கலுக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு வேண்டுமென்றே உன் எதிரில் போய் நிற்பேன். "நகரு கோமு, வெளிச்சத்தை மறைக்கறே" என்பாய், சிரித்துக்கொண்டேதான். நானும் விறைப்பாக நகர்ந்துவிடுவேன். நானாகப் போய், எடுத்துக்கோ என்று கேட்பதா? எனக்கு என்ன வந்தது? நீ கேள், நான் யோசித்துச் சொல்கிறேன், இதுதான் என் திமிர். நீயும் கேட்கவில்லை.

போன மாசியில் கண்டாலா போனோமே. பாறையில் அம்மா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அப்பா குடையோடு. நான் அம்மாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நீ பெட்டிக் கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்து, "கோமு, நகரு" என்றாய். ஓர் அடி நகர்ந்தேன், கையை மட்டும் எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றாய். அரை அடி நகர்ந்தேன். க்ளிக் என்றது.

அப்புறம் டைபாய்டு. ஜன்னலோரம் உன் கட்டில். ஒருநாள் நாலு மணி வெயில் உள்ளே விழுந்தபோது கண்ணைத் திறந்தாய். உனக்குக் கடும் ஜுரம். "கோமு, அப்படியே ஜன்னல்கிட்ட நில்லு, என்ன வெளிச்சம் பாரு" என்றாய். கை போர்வைமேல் கேமராவைத் தேடியது. உடனே ஞாபகம் வந்துவிட்டது உனக்கு. "இல்லே இல்லே, மறந்துட்டேன். நகரு" என்றாய்.

நான் நகர்ந்தேன், அண்ணா. எடுத்துக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் கையில் வெறும் போர்வைதான் இருந்தது, எடுக்கிற மாதிரி பாவனையாவது பண்ணியிருப்பாய். நான் நெற்றித் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். நாலாம் நாள் நீ போய்விட்டாய். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என்மேல்தான், அதுவும் தொட்டால் தெரியாத மாதிரி எங்கேயோ இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சோராப் வந்தார். நீ அவரிடம் விட்டுவைத்திருந்த ஃபிலிமுக்கெல்லாம் இப்போதுதான் படம் போடுகிற காகிதம் கிடைத்ததாம், ஒரு கட்டு படம் கொண்டுவந்தார். கூடத்துத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்னைத் தேடித்தான் பார்த்தேன், வேறென்ன? எனக்குத் தெரியாமல் ஒன்றாவது எடுத்திருக்க மாட்டாயா? புறமுதுகாவது? ஒன்றும் இல்லை. சொன்ன சொல்லை அப்படியா காப்பாற்றுவார்கள்?

கடைசியில் கண்டாலாப் படம். அம்மா, அப்பா, குடை. அம்மாவின் தோளில் நாலு விரல். வேறெதுவும் இல்லை, வெறும் விரல்.

பெட்டிக் கேமராவில் மேலே தெரிகிற சின்னக் கண்ணாடியில் விழுவது ஒன்று, ஃபிலிமில் விழுவது அதைவிடக் கொஞ்சம் கூட என்று நீதானே சொல்வாய். உன் கண்ணாடியில் நான் இருந்திருக்க மாட்டேன். கேமரா தானாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு சோராப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சேது போலா தா, யே உங்க்லி காட் டால்னா. மேரா மன் நஹி ஹுவா" என்றார். ஃபிலிமைக் கழுவிப் பார்த்த அன்றைக்கே, இந்த விரலை வெட்டிவிட்டுப் படம் போடச் சொன்னாயாம், அவருக்குத்தான் மனசு வரவில்லையாம்.

விரலைக்கூடவா அண்ணா?

அதற்கப்புறம் எல்லாப் படத்தையும் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நான் நின்ற இடம் எனக்குத் தெரிகிறது. படகில் அப்பாவுக்கு இந்தப் பக்கம், சூளைப் படத்தில் அந்தத் தூணுக்கு வெளியே. சரியாக என் புடவைத் தலைப்பு தொடங்குகிற இடத்தில் நீ படத்தை நிறுத்தியிருக்கிறாய். ஒருத்தியை இவ்வளவு துல்லியமாக விட வேண்டுமென்றால் அவளை எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும்? என் மூஞ்சி உனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேனே.

இன்னொரு சமாசாரம். சுனாபட்டியில் ஒரு வரன் வந்திருக்கிறது, ரயில்வேயில் குமாஸ்தா. அவர்களும் போட்டோ கேட்டிருக்கிறார்கள். அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த வெண்ணெய் முகக்காரியை எடுத்து வெளியே வைத்தார். நான் கூடாது என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் என்னம்மா பண்ணுவேன்? ரெண்டு வருஷமா உன் படம் வேற ஒண்ணும் இல்லையே" என்றார். வாஸ்தவம்தானே, நான்தான் எடுக்க விடவில்லையே.

அதனால் ஒன்று தீர்மானம் பண்ணியிருக்கிறேன். சோராப் உன் பெட்டிக் கேமராவுக்கு ஃபிலிம் கொடுத்து, அதைப் போடவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தானே எடுத்துத் தருகிறேன் என்றார், நான் வேண்டாமென்றுவிட்டேன். லென்ஸைப் பழைய மல் துணியால் நன்றாகத் துடைத்தாயிற்று, ஒரு பிசுக்கு இல்லை. வருகிற ஞாயிறு நாலு மணிக்கு, உன் கட்டில் கிடந்த ஜன்னலைத் திறந்துவிட்டு அங்கே நிற்கப்போகிறேன். அம்மா எடுப்பாள். "எனக்கென்னடி தெரியும், எங்கே அமுக்கணும்?" என்று நடுங்குகிறாள். ஃபிலிம் போடாத வெறும் கேமராவில் ரெண்டு நாளாகப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் படம்தான் சுனாபட்டிக்குப் போகும். வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லட்டும், ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லட்டும்.

உன்னிடம் வாங்கிய சத்தியத்தை இருபது வீட்டுக்கு முன்னால் திருப்பித் தருகிறேன். எடுத்துக்கோ அண்ணா. ஆறு மாதம் லேட்.

அம்மாவுக்குக் கை ஆடும். படம் கலங்கியிருந்தால் அது அவள் கை. அந்தச் சமயம் பார்த்து எனக்கு அழுகை வந்தாலும் வரட்டும், முகத்தைத் துடைக்கக்கூட கையைத் தூக்கமாட்டேன். நான் நகரமாட்டேன்.

ஜன்னலோரம் நிற்கும் உன் தங்கை,
கோமு