வெளியே பூட்டிய காம்பரா

சேசு மரி சூசை

மேல் டிவிஷன்,
தெரணியகலை.
14.06.1999

அன்பு மகன் ரெஜினோல்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், அங்கே நீ கை கால் ஒடியாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்திலேயே படிக்க ஆசைப்படுகிறோம். சுகம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போவதுதான் நம் வழக்கம், இந்த முறை எனக்கு அப்படி வரவில்லை. போன செவ்வாய் ரப்பர் பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு நின்றபோது உன் கடிதம் கிடைத்தது. ஹொஸ்டலில் தேர்தல் சண்டை பெருத்து, முகத்தைக் கட்டிக்கொண்ட வெளி ஆட்கள் பொல்லுத் தடியோடும் சைக்கிள் செயினோடும் மாடி ஏறினார்கள், ஒரு பையனுக்கு முன்பல் நாலும் போய்விட்டது, இன்னொருவனைக் காலைப் பிடித்துப் படி படியாக இழுத்துப்போனார்கள் என்று எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே சிரிக்கிறாய். உன் அறைத்தோழன் நிரோஷன் உங்கள் நாலு பேரையும் உள்ளே வைத்து வெளியே ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியோடு கீழே இறங்கிவிட்டானாம், வந்தவர்கள் பூட்டைப் பார்த்து ஆள் இல்லை என்று போய்விட்டார்களாம், எல்லாம் அப்பா சொல்லித் தந்த வித்தைதானாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொல்லித் தந்தது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் உனக்கு ஆறு வயது. நம் லயத்து வரிசையில் பத்துக் காம்பராவிலும் ஆட்களை உள்ளே வைத்து நான் வெளியே பூட்டிவிட்டு ரப்பருக்குள் ஒளிந்துகொண்டேன், வந்தவர்கள் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்தக் கதையைக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்லிச் சொல்லி நான் பெரிய மூளைக்காரன் ஆகிவிட்டேன். இப்போது நடந்ததை உனக்கு எழுதக்கூடாது, சோதனை எழுதி முடிக்கட்டும் என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், பிறகு அவளே பேனையை எடுத்துத் தந்தாள்.

மே மாதக் கடைசியில் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பையன்களுக்குள் அடிபிடி. நம் பக்கத்துப் பையன் நாட்டுச் சிங்களப் பையன் ஒருவனின் கையைக் கிழித்துவிட்டான். கையில் பட்ட காயம் பகல் சோற்று நேரத்துக்குள் கொலை என்று ஊரெல்லாம் பரவி, மூன்று மணிக்கு ஒரு லொறி நிறைய ஆட்கள் மன்னாக் கத்தியும் இரும்பு அலவாங்கும் பெட்ரோல் கேனுமாக வந்துவிட்டார்கள். கால் பலம் உள்ளவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். மற்றவர்கள், எண்பத்து மூன்றில் செய்த மாதிரியே, ஆளாளுக்குப் பூட்டையும் சாவியையும் என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார்கள். யாரையும் நான் கேட்கவில்லை, தானாகத்தான் தந்தார்கள். என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதீர்கள் என்று ஒவ்வொரு கதவிலும் சொல்லிப் பூட்டிவிட்டு, பத்துச் சாவியையும் ஒரு கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மேலே ரப்பருக்குள் மழைத்தண்ணீர் ஓடும் கானில் படுத்துவிட்டேன்.

வந்தவர்கள் முதலில் நம் நாயை இரண்டு துண்டாக வெட்டினார்கள். கட்டியிருந்த ஆட்டின் தலையை ஒருவன் சீவினான். மாதா சுருபத்தை அலவாங்கால் நொறுக்கினார்கள். பிறகு ஒருவன் கடைசிக் காம்பராவின் பூட்டை இழுத்துப் பார்த்து, கவுருத் நே, யாரும் இல்லை என்று கத்தினான். அப்படியென்றால் கினி தியபங், நெருப்பை வை என்றான் இன்னொருவன். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஆள் இருப்பது தெரிந்திருந்தால் வெட்டியிருப்பார்களோ என்னவோ, ஆனாலும் ஒரு பொம்பிளை கதவைத் திறந்து கையெடுத்துக் கும்பிட்டிருந்தால் ஒருவனாவது தயங்கியிருப்பான். வெறும் வீட்டைக் கொளுத்த யாருக்கு என்ன தயக்கம்? என் பூட்டுதான் அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது.

அந்தக் காம்பராவில் இருளப்பன் அண்ணனும் அவர் மருமகள் ஜெயம்மாவும் இருந்தார்கள். அவள் புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான். புகை வந்த பிறகும் அண்ணன், ராசு சொல்லியிருக்கிறான் சத்தம் போடாதே என்று என் பேரைச் சொல்லி அவள் வாயைப் பொத்திக்கொண்டாராம். கூரைச் சட்டம் எரிந்து முதுகில் விழும்வரை அவர்கள் என் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள் மகன். பிறகுதான் அவள் அம்மிக்குழவியால் பின் ஜன்னலை உடைத்திருக்கிறாள், அண்ணன் அவளைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே போட்டாராம், அவருக்கு அந்த ஓட்டை போதவில்லை. மறுநாள் அவரை ஒரு சாக்கில்தான் எடுத்தோம். பஸார் கபூர் நானா யாரையும் கேட்காமல் தன் வான் வண்டியைக் கொண்டுவந்து ஜெயம்மாவை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். இரண்டு கையிலும் தோல் இல்லை, வாழையிலையில் படுத்திருக்கிறாள்.

அதனால் நான் சொல்வதைக் கேள். அறைக் கதவுக்கு உள்பக்கம் கனமான கொண்டி ஒன்று பொருத்து. சாவி இருந்தால் அது உன் அரைஞாணில் இருக்கட்டும். தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில் அடையாதீர்கள், அந்த மாடியில் இருக்கிற நல்ல சிங்களப் பிள்ளைகளோடு கலந்து படுங்கள், உனக்குத்தான் சிங்களம் தண்ணீர் மாதிரி வருமே. யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று ஹொஸ்டல் வாடனிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். பின்படி பூட்டிக்கிடக்கிறது என்று போன முறை எழுதினாய், அதைத் திறந்து வைக்கச் சொல்லி நாலு பேராகப் போய்க் கேளுங்கள், தனியாகப் போகாதே, கோபப்படாதே, உனக்கு என் கோபம். கலவரம் என்றால் ஒளியாதே, ஆள் கூடுகிற இடத்துக்கு ஓடு, தொண்டை கிழியக் கத்து. உள்ளே மனுஷன் இருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியட்டும். அடையாள அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திரு.

இனி எழுதுவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டமாட்டேன். ஒன்பது காம்பராவைத் திறந்துவிட்டவன் என்று லயமே என்னைக் கும்பிடுகிறது, ஃபாதர் பூசையில் என் பேரைச் சொல்லிச் செபித்தார். ஆனால் ஜன்னல் உடைந்த பிறகு இருளப்பன் அண்ணன் நெருப்புக்குள்ளிருந்து என் பேரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டார். வெட்ட வந்தவர்களில் மற்றவர்கள் லொறியில் ஏறிவிட்டார்கள், அப்போது கீழே நின்றது நாலே பேர். நான் எழும்பவில்லை. முகத்தை மண்ணில் அழுத்திக்கொண்டு கிடந்தேன். லொறி வளைவு திரும்பிய பிறகு எழும்பியும் நேரே ஓடியது நம் கதவுக்கு, அம்மாவை இழுத்து வெளியே போட்டேன், பிறகு பக்கத்துக் கதவு, பிறகு அடுத்தது. கடைசிக் கதவுக்குப் போனபோது பூட்டு சிவந்திருந்தது, உள்ளே சத்தம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஜெயம்மா, மாமா கூப்பிட்டது கேட்டுச்சாண்ணே என்று கேட்டாள். கேக்கலம்மா என்றேன்.

நிரோஷன் நல்ல பையன், அவனை நான் குறை சொல்லவில்லை. நானும் நல்லவன் என்றுதான் இத்தனை காலம் இருந்தேன். வெளியே நிற்கிறவனுக்கும் உயிர் இருக்கிறது மகன், அது அவனைப் படுக்க வைத்துவிடும். இனி யாரையும் உன்னை உள்ளே வைத்துப் பூட்ட விடாதே. நானே அங்கே வந்து நின்று கேட்டாலும் சாவியை என் கையில் தராதே.

மாதா உன் தலைமாட்டில் நிற்கட்டும். சோதனையைப் பதறாமல் எழுது. கொண்டி பொருத்தியதும் அன்றைக்கே ஒரு வரி எழுதிப் போடு, அம்மா தபாலுக்காகக் காத்திருப்பாள்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கும்
அப்பா,
மு. இருதயராஜ்