ஏற்றி இறக்கிய மீன்

கரம்பொன்,
12.09.2002

அன்பு மகள் ஜெனீற்றாவுக்கு அப்பு எழுதுவது.

அந்தோனியார் காவலில் நானும் அம்மாவும் சுகம். கொழும்பில் நீயும் மருமகன் றெக்ஷனும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். எழுத்து யாருடையது என்று யோசிப்பாய். என்னுடையதுதான் பிள்ளை! கோயில் மண்டபத்தில் ஞானசவுந்தரி ரீச்சரின் மாலை வகுப்பில் படித்தேன். இதுவரை எனக்குக் கடிதம் எழுதித் தந்த அரியநாயகம், இனித் தனக்கு ஆர் வெத்திலை வாங்கித் தாறது என்று கவலைப்படுகிறார். ஒரு வரி எழுதுவதற்குள் ஒரு சுருட்டு முடிகிறது. ஆனாலும் பெரிய சந்தோசம்.

இனி மீன் விஷயம். 

நாங்கள் பழைய மீனைப் போட்டு ஏமாற்றியதால்தான் அது வழியிலேயே அழுகியது என்று மருமகன் சொன்னாராம். அவர் வேலை செய்யும் மீன்கடை முதலாளி இனித் தீவு மீனே வேண்டாம் என்கிறாராம். பிள்ளை, அது அன்று விடியப் பிடித்த பாரை. என் சொல்லை நம்பி இன்னாசித்தம்பியும் மற்றவர்களும் தங்கள் மீனையும் தந்தார்கள். அதனால்தான் நானே லொறியில் ஏறினேன்.

சண்டை நின்று கொழும்புப் பாதை திறந்தாயிற்று, இனி ஒரே ஓட்டம் என்று நினைத்தேன். வழியிலிருந்த பலகைகளையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு போனேன். அண்ணை, பலகை ஓடிப்போகாது, மீன் பெட்டியைப் பாருங்கோ என்று சாரதி பரராசசிங்கம் ஏசினான்.

ஆமிக்காரரின் முதற் சாவடியில் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள். வரி ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிகளைத் திறந்து, ஐஸை வெயிலில் கொட்டி, கம்பியால் குத்திப் பார்த்து, திரும்ப ஏற்றச் சொன்னார்கள். அப்பால் மற்றப் பக்கத்தாரான இயக்கத்தின் சாவடி. அங்கேயும் அதே இறக்கல், அதே குத்தல்.

வவுனியாவுக்கு முன் கடைசி ஆமிச் சாவடியில், இந்த லொறி இதற்கு மேல் போகக் கூடாது, வேறு லொறிக்கு மாற்று என்றார்கள். அங்கேதான் என் வலை பிடிபட்டது. பெட்டிகள் ஆடாமலிருக்க, நம்மவர்கள் செய்வதுபோல ஈயம் கோத்த பழைய வலையை மேலே போர்த்திக் கட்டியிருந்தேன். ஈயத்தைத் தொட்டுப் பார்த்த சிப்பாய் துவக்குச் சன்னம் என்று நினைத்தான்போல; முகம் மாறியது. இது என்னத்துக்கு என்று மொழிபெயர்ப்பவர் கேட்டார். வலை தாழுறதுக்குத் தம்பி என்றேன். லொறியிலை எங்கை ஐயா தாழுறது என்றார். பெரியவர் வரும்வரை லொறியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள்.

பின்னேரம்தான் அந்தச் சாவடிப் பெரியவர் வந்து, வலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போகச் சொன்னார். அதற்குள் பெட்டிகளிலிருந்து சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வவுனியாவில் குழி வெட்டி மீனைப் புதைத்தோம். கடலில் எத்தனையோ பார்த்தவன் நான். நல்ல மீன் தெருவில் நின்று அழுகியதை இப்போதுதான் பார்த்தேன்.

வலை என் பிழை. மீன் பிழையில்லை. இதை மருமகனுக்கு வாசித்துக் காட்டு. முதலாளியிடம் இன்னொரு தரம் கேட்கச் சொல். இந்த முறை கருவாடு போடுகிறோம். எத்தனை தரம் இறக்கினாலும் அது கெடாது. முற்றத்தில் பாரை காய்கிறது.

மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்கு இரண்டு பேரும் வாருங்கள். எங்களுக்கென்று ஒன்றும் கட்டிக்கொண்டு வராதே. வழியெல்லாம் இறக்கி ஏற்ற வேண்டும். வெறுங்கையோடு வா. மருமகனுக்கு என்மேல் கோபமிருந்தால் அதை மட்டும் கொண்டு வரட்டும். அதை இறக்கச் சொல்லி அங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள். இங்கே வீட்டில் வந்து இறக்கட்டும்.

அந்தோனியார் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பு,
பஸ்ரியாம்பிள்ளை