வீட்டுப் படத்துக்குக் கொஞ்சம் நினைவகம்

ஓகஸ்ட் 4, வியாழன்

சோழகக் காற்று. கொட்டிலின் தகரம் காலையிலிருந்து படபடவென்று. கணினியில் வீட்டுப் படம் வரைகிறேன். தரை வரும், தூண் வரும். சுவரை எழுப்பினால் எல்லாம் உறைந்துவிடும். நினைவகம் போதாது. இடம்பெயர்ந்து இருந்த முகாமில் நான் வேலை செய்த நிறுவனம் மூடும்போது தந்த பழைய பெட்டி, பாவம்.

வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் வந்திருக்கிறது. கட்டுகிறோமா இல்லையா என்று திங்கட்கிழமை கிராம அலுவலருக்குப் பதில் சொல்ல வேண்டும். என் மனுசன் இன்னும் சம்மதிக்கவில்லை. "ரெண்டு வீடு கட்டி ரெண்டையும் சண்டையிலை விட்டிட்டு ஓடினனான். இந்தத் தகரமே காணும், போதும்." படத்தைக் கண்டால் மனம் மாறுமோ.

5, வெள்ளி

மன்னாருக்கு பஸ். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், வானத்தின் அதே நிறம். எது எதுவென்று தெரியவில்லை. யன்னலோரம் இருந்தபடி, இல்லாத வீட்டுக்குள் நடந்துகொண்டு போனேன்.

நினைவக அட்டை, ராம், ஒன்று வாங்கினேன். வீட்டில் செருகப் பார்த்தால் இறங்கவில்லை. நடுவில் உள்ள வெட்டு ஒரு நகத்தளவு தள்ளி. அழுத்தப் பயம். விட்டுவிட்டேன்.

6, சனி

பழைய ராமையும் கழற்றிக்கொண்டு மறுபடி கடைக்கு. கடைக்காரப் பெண் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நேற்றையது டிடிஆர் இரண்டாம் வகை, என்னுடையது முதலாம் வகை. மாற்றித் தர, மற்றவர்கள் பாவித்துக் கொடுத்த சாமான் பெட்டியைக் கிளறி ஒன்று எடுத்தார். அது என்னுடையதைவிடக் கொஞ்சம் வேகம்.

பழையதை எறியவா என்று கேட்டேன்.

"வேண்டாம். ரெண்டையும் போடுங்கோ. மெதுவானதின்ர வேகத்துக்கு மற்றதும் ஓடும். பிழையில்லை."

திரும்பும் வழியெல்லாம் மடியில் அந்தச் சின்னப் பொதி. உப்புக்காற்று. தூக்கமா விழிப்பா தெரியாது.

7, ஞாயிறு

இரண்டையும் செருகினேன். படத்தில் சுவர் எழும்பியது. நாலு பக்கமும். கூரையும். வெயில் கூட வைத்தேன், நிழல் விழுந்தது.

பின்னேரம் என் மனுசன் குளக்கட்டு வேலை முடிந்து வந்து, ஈரத் துவாயோடு பின்னால் நின்றார். நான் படத்தில் வாசலால் உள்ளே போனேன், அறை அறையாக. அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு திரைக்குக் குனிந்தார்.

"குசினிக்கு ஏன் யன்னல் இல்லை? புகை எங்காலை போறது?"

சமையலறைச் சுவரில் ஒன்று வைத்தேன்.

"இன்னும் பெரிசா."

கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது.

8, திங்கள்

விடிந்தபோது பக்கத்துப் பாய் வெறுமை. வெளியே, கயிறும் தடிகளுமாக அவர். நிலத்தைக் காலால் தட்டிச் சமப்படுத்துகிறார். என்னைக் கண்டதும், "குசினி எத்தினை அடி? கொம்பியூட்டரிலை பார்த்துச் சொல்லும்."

கணினியைப் போடாமலே சொன்னேன். பத்துக்கு எட்டு.